என்னைப் பதிவு செய்த குற்றச்சாட்டு

மருத்துவமாதாகப் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பிரசவம் பார்ப்பது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, பயிற்சி தந்தவர்கள் இருக்கிறார்கள், உங்கள் கைகளும் இருக்கின்றன. நான் எழுதப்போவது கடிதங்களைப் பற்றி. ஒரு பிள்ளை வெளியே வர ஒன்பது மாதமும் சில நாட்களும் போதும். நான் இந்த மாகாணத்தில் வேலை செய்யலாம் என்ற கடிதம் வெளியே வரப் பதினான்கு மாதம் எடுத்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் நான் படித்ததை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

நான் திருகோணமலைக்காரி. பயிற்சி முடிந்ததும் ஊவா மாகாணத்தில் நியமனம் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் என் கணவரைக் கண்டேன். அவர் கடற்படையில் இயந்திரம் திருத்துபவர். மலையில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தியத்தலாவையில் அவர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் இருந்தது. கடலே தெரியாத ஊரில் இருந்துகொண்டு கப்பல் இயந்திரத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். பறங்கியர்தான், போர்த்துக்கேய வழி வந்தவர், ஆனால் எங்கள் துறைமுகப் பக்கத்துப் பறங்கியர். வீட்டில் பேசுவது தமிழ். சண்டை தொடங்குவதற்கு முன்பே சேர்ந்தவர். அவர் சேர்ந்தபோது அது ஒரு உத்தியோகம். பிறகுதான் அது ஒரு பக்கமாகிவிட்டது.

யுத்தம் முற்றிய காலத்தில் அவரைத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மாற்றினார்கள். கடற்படைக்காரன் பெண்சாதிக்குப் பெட்டி கட்டுவது புதிதல்ல. சட்டி பானை, சீலை, கதிரை எல்லாவற்றையும் லொறியில் ஏற்றலாம். தொழில் பதிவை ஏற்ற முடியாது. நாடு ஒன்றுதான், கருப்பையும் எல்லா மாகாணத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு மாகாணம் உங்களை விடுவிக்கவேண்டும், மற்ற மாகாணம் உங்களை ஏற்றுப் பதிவு செய்யவேண்டும். விடுவித்த நாளுக்கும் ஏற்றுக்கொள்ளும் நாளுக்கும் இடையில் அந்தப் பெண் யார் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

ஊவா என்னை இரண்டு நாளில் விடுவித்தது. அவ்வளவு கெதியாக விடுவித்ததில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தமும் இருந்தது. அந்தக் கடிதத்தை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருகோணமலையில் சம்பந்தப்பட்ட அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று உங்களுடன் வேலை செய்யக்கூடும்.

அங்கே பிரதம லிகிதர் ஒருவர் இருந்தார், அதாவது தலைமை எழுத்தர். சட்டைப்பையில் மூன்று பேனை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் யாரையாவது பிடித்துச் சமாளித்திருக்கலாம். அவர் நேர்மையானவர், அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"உங்கட பதிவு இலக்கம் எங்க பிள்ளை?" என்று கேட்டார்.

"ஊவா இலக்கம் இதில இருக்கு ஐயா."

"அது ஊவாவுக்கு. இஞ்சத்தை இலக்கம்?"

"அதைக் கேட்டுத்தான் ஐயா வந்தனான்."

"இலக்கம் தாறதெண்டால் உங்கட பேரில கோவை எண்டு ஒரு ஃபைல் இருக்கவேணும். கோவை திறக்கிறதெண்டால் மேல எழுத இலக்கம் இருக்கவேணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது."

உண்மையாகவே விளங்கியது. நான் அங்கே போன ஒவ்வொரு தடவையும் அவருக்கு விளங்கியது. கடைசியில், மூன்று கடிதம் கொண்டுவந்தால் தற்காலிகமாக ஒரு கோவை திறக்கலாம் என்றார். நான் எங்கே வசிக்கிறேன் என்பதற்கு ஒன்று, கணவரின் திணைக்களத்திலிருந்து ஒன்று, பொலிசிடமிருந்து ஒன்று.

நாங்கள் லிங்கநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் முகாமில் தங்கி, லீவு கிடைத்தால் சாதாரண உடுப்பில் வந்துபோவார். அந்தப் பகுதிக் கிராம அலுவலரான விதானையார் என் அப்பாவுடன் ஒரே வகுப்பில் படித்தவர். என்னைக் கண்டதும் வாங்கில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

"உன்னை எனக்குத் தெரியாதே பிள்ளை? நீ நடை பழகினதையே பாத்தனான்."

"அப்ப இஞ்ச இருக்கிறன் எண்டு ஒரு கடிதம் தாங்கோ மாமா."

"அதுதானே ஏலாது. மனிசன் நேவியில. மனிசன்ர பதிவு எங்கயோ மனிசிக்கும் அங்கதான். நேவிக்காரரிட்டைப் போய்க் கேள்."

நேவியில் நலன்புரி அலுவல் பார்க்கும் அதிகாரியிடம் போனேன். ஊவாவில் பழகிய சிங்களம் அங்கே உதவியது. மிகவும் மரியாதையாகப் பேசினார். முகாமில் இல்லாத ஒருவரை முகாமில் வசிக்கிறார் என்று எழுதினால் பொய்யாகும் என்றார். முகாமுக்கு வெளியே வசிக்கிறார் என்று எழுதினால், கடற்படை வீரர் ஒருவரின் குடும்பம் இருக்கும் இடத்தை எழுத்தில் வெளியிட்ட குற்றமாகும் என்றார். லிங்கநகரில்தானே இருக்கிறீர்கள், விதானையாரிடம் கேளுங்கள், அது அவருடைய வேலை என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பொலிசில் வேலைத்தலத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். என் வேலைத்தலம் பிரதம லிகிதரின் கந்தோர். அவரிடம் போனேன். அவருக்கு விளங்கியது.

இதற்கிடையில் சென்றிக் காவலரணில் என் அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்து என்னைச் சந்தேகித்தார்கள். ஒழுங்கையில் அயலவர்கள் என் வீட்டு வாசலில் கிடந்த நேவிக் கறுப்புச் சப்பாத்தைப் பார்த்து என்னைச் சந்தேகித்தார்கள். அந்த நாட்களில் இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே விடயம் நானாகத்தான் இருந்திருப்பேன். என் கணவர் லீவில் வந்து இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இஞ்சினெண்டால் கழட்டிப் பாத்து எங்க இறுகியிருக்கெண்டு சொல்லுவன். உன்ர கந்தோரில எல்லாம் நல்லாத்தான் சுத்துது, வண்டிதான் நகருதில்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊவாவில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்கியவள் லிங்கநகரில் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கை பழக்கம் மறந்துபோய்விடுமோ என்ற பயம் வேறு பிடித்துக்கொண்டது.

பிரதம லிகிதர் முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "பதிவு வாறவரைக்கும் ஒரு வயித்திலையும் கை வைச்சிடாதேங்கோ பிள்ளை. வைச்சது தெரியவந்தால் இந்த மாகாணத்தில உங்களுக்குச் சீவியத்துக்கும் பதிவு இல்லை. அது என்ர கையிலையும் இல்லை." எனக்கு இந்தத் தொழிலைத் தவிர வேறொன்றும் தெரியாது. பதினொரு மாதம் அவர் சொன்னபடியே நடந்தேன்.

பதினோராவது மாதம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தூசி தட்டி எடுத்த ஒரு பழைய சுற்றறிக்கையில், அந்த மூன்று கடிதத்துக்கும் பதிலாக ஒரு குறிப்பிட்ட வைத்திய அதிகாரியின் கையொப்பம் போதும் என்று இருந்தது. அந்த அதிகாரி புதன்கிழமைகளில் லோஞ்சுப் படகில் அக்கரை மூதூருக்குக் கிளினிக் பார்க்கப் போவார். மற்ற நாட்களில் கூட்டத்தில் இருப்பார்.

"கந்தோரில அவரைப் பிடிக்கேலாது. ஜெட்டியில நிண்டு பிடியுங்கோ" என்றார் பிரதம லிகிதர்.

அப்படித்தான் நான் மூன்று புதன்கிழமை இறங்குதுறையில் நின்றேன். முதலாவது புதன் அவர் போகவே இல்லை. இரண்டாவது புதன் அவர் வந்த வாகனம் என்னைத் தாண்டிப் போனபிறகுதான் அது அவருடைய வாகனம் என்று தெரிந்தது. மூன்றாவது புதன் பதினொரு மணிக்கே போய்ச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்துக் கொட்டகையில் பொலித்தீன் உறையோடு குந்திக்கொண்டேன். லோஞ்சு வந்தது. சனம் இறங்கியது. வைத்திய அதிகாரி இறங்கவில்லை. கிளினிக்கில் சனம் அதிகம், பின்னேர லோஞ்சில்தான் வருவார் என்றார்கள்.

அந்த நேரம் பட்டணப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. உடனே றோட்டைப் பூட்டிவிட்டார்கள். லோஞ்சில் வந்த அறுபத்துமூன்று பேரையும், காத்திருந்த என்னையும் அந்தக் கொட்டகைக்குள் இருக்கச் சொன்னார்கள். வாகனம் ஒன்றும் அசையக்கூடாது, எப்போது திறக்கும் என்று தெரியாது என்றார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விடயமில்லை. சனம் வெற்றிலைப் பையை அவிழ்த்தது.

வந்தவர்களில் தோப்பூரிலிருந்து ஒரு முஸ்லிம் பெண், நிறைமாதம். மூதூரிலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். கூட அவளுடைய உம்மா. லோஞ்சிலேயே வலி தொடங்கியிருக்கவேண்டும். வாங்கின் விளிம்பை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். பிறகு நேரத்தைப் பார்த்தேன். அடுத்த பிடிக்கும் நேரத்தைப் பார்த்தேன். றோட்டுத் திறக்கும்வரை இது நிற்காது என்று தெரிந்துவிட்டது.

சாவடிக்குப் பொறுப்பாக மீசை நரைத்த ஒரு கடற்படைக்காரர் இருந்தார். மேலிடத்துக்கு வயர்லசில் பேசிப்பார்த்தார். அம்புலன்ஸ் வர முடியாது என்று பதில் வந்தது. கொட்டகை வாசலில் வந்து நின்று, டொக்டர், நேர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நான் என் பொலித்தீன் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பதினொரு மாதம் இருந்தது. ஒரு கையொப்பம்தான் பாக்கி.

உம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"மகள், நீங்க என்ட புள்ளயப் பாக்கிறதையும் மணிக்கூட்டப் பாக்கிறதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கன். உங்களுக்கு இந்த வேல தெரியும்தானே?"

"தெரியும் உம்மா. ஆனா எனக்கு இஞ்ச பதிவு இல்லை."

"பதிவெண்டா என்ன மகள்?"

எழும்பிக் கைகழுவத் தண்ணீர் கேட்டேன்.

மற்றதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பெண்கள் சீலைத் தலைப்புகளைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார்கள், அதில் தமிழ்ச் சீலையும் முஸ்லிம் சீலையும் இருந்தன. மீசைக்காரர் தன் பெட்டியைத் திறந்து பிள்ளையைச் சுற்ற மடிப்புக் கலையாத புதுக் கைலிச் சாரம் ஒன்றைத் தந்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றார். கீழே விரிக்கச் சுத்தமாக ஒன்றும் இருக்கவில்லை. கடிதங்களை வெளியே கொட்டிவிட்டுப் பொலித்தீன் உறையைக் கிழித்து விரித்தேன். பதினொரு மாதத்தில் அந்த உறை ஒரு மனிதருக்கு உதவியது அன்றைக்குத்தான்.

பெண்பிள்ளை. வந்தவுடன் அழவில்லை. மிஞ்சினால் ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடமும் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழுதது. வெளியே கொட்டியிருந்த கடிதங்களை நான் பொறுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஒரு மணித்தியாலம் கழித்து றோட்டைத் திறந்தார்கள். ஆனால் அன்றிலிருந்து சில கிழமைக்கு லோஞ்சை நிறுத்திவிட்டார்கள், வைத்திய அதிகாரியின் கையொப்பம் மூதூர்க் கரையிலேயே நின்றுவிட்டது. சனத்தை வெளியே விடும்போது மீசைக்காரர் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். என்னிடம் வந்தார்.

"லோஞ்சிலிருந்து இறங்கியது அறுபத்துமூன்று பேர். உங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வெளியே போவது அறுபத்துநான்கு. மேலிடத்துக்கு நான் என்ன எழுதுவது?"

"ஒரு பிள்ளை பிறந்தது என்று எழுதுங்கள்."

"அதற்கு இந்தப் புத்தகத்தில் இடம் இல்லை நோனா." அவர் பகிடி பண்ணவில்லை; உண்மையாகவே முகம் வாடிப்போயிருந்தது. அனுமதி இல்லாமல் பாதுகாப்பு வலயத்துக்குள் ஒரு ஆள் நுழைந்திருக்கிறது, அதுவும் அவர் காவலில் நிற்கும்போது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். பயணிகளின் கைப்பொதிகளை எழுதும் நிரலில் தாயின் பெயருக்கு நேரே ஒன்று என்றிருந்ததை இரண்டு என்று திருத்தினார். பிறகு அந்தக் கைப்பொதியின் காலை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு ஓட்டோவை அனுப்பிவைத்தார்.

இத்தோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவந்திராது. நின்றிருக்கும், நான் ஒரு பிழை விடாமல் இருந்திருந்தால்.

இரண்டு கிழமை கழித்து உம்மா லிங்கநகரில் விசாரித்து விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தார். பிள்ளை ஆஸ்பத்திரியிலும் பிறக்கவில்லை, வீட்டிலும் பிறக்கவில்லை என்று பிறப்புப் பதிவாளர் எழுத மறுக்கிறார், பிரசவம் பார்த்த ஆள் வந்து படிவத்தில் ஒப்பமிடவேண்டுமாம் என்றார். நான் போனேன். பதிவாளர் விடயம் தெரிந்த மனிதர். என் நிலையைக் கேட்டுவிட்டு நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்.

"பதவி எண்ட இடத்தில பக்கத்தில நிண்டவ எண்டு போடுங்கோ தங்கச்சி. எனக்கு அது காணும். உங்களுக்கும் ஒரு பிரச்சினையும் வராது."

பேனையை எடுத்தேன். பிள்ளைகளே, இது எங்கள் தொழில்காரிகளுக்கு மட்டும் வரும் நோய். வேறொருத்தி என்றால் பக்கத்தில் நின்றவள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பாள். அந்தப் படிவத்தைக் கண்டதும் என் கை தன்பாட்டுக்கு மருத்துவமாது என்று எழுதி, பக்கத்தில் ஊவா இலக்கத்தையும் எழுதி, கீழே ஒப்பத்தையும் வைத்துவிட்டது. வெட்டிவிட்டு வேறு எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அறுபத்திரண்டு பேர். நான் அப்படி நிற்கவில்லை.

அந்தப் படிவத்தின் பிரதி போகவேண்டிய இடத்துக்குப் போனது. பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமை தபாற்காரர் எனக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். பதினொரு மாதமாக ஒரு வரிகூட எழுதாத கந்தோர், இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தது. இம்மாகாணத்தில் பதிவு பெறாமல் பாதுகாப்பு வலயத்துக்குள் தொழில் செய்தமைக்காக என்மேல் ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். என் கணவர் அன்று லீவில் நின்றார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு மேல் மூலையில் விரலை வைத்தார்.

"இது என்ன நம்பர்?"

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே பிரதம லிகிதரிடம் போனேன்.

"இது என்ன இலக்கம் ஐயா?"

"உங்கட கோவை இலக்கம்."

"எனக்குக் கோவை திறக்கேலாது எண்டு சொன்னீங்கள்."

"பதிவு செய்யிறதுக்குத் திறக்கேலாது. குற்றச்சாட்டு வந்தால் அண்டைக்கே திறக்கவேணும். அதுக்குச் சுற்றறிக்கை இருக்கு."

"அப்ப இப்ப எனக்கு ஒரு கோவை இருக்கு."

"ஓம்."

"கோவைக்கு இலக்கமும் இருக்கு."

"ஓம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று அவருக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து கோவையை எடுத்து மேசையில் வைத்தார். "பிள்ளை," என்றார் கடைசியில், "நீங்கள் வந்த முதல் நாளே ஒரு பிழையைச் செய்திருந்தால் அலுவல் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அவருக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சுற்றறிக்கையை ஒருவருக்குச் சார்பாக வாசித்தார் என்று நினைக்கிறேன். எங்கள் உத்தியோகத்தர் இல்லாத ஒருவர்மேல் நாங்கள் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க முடியாது, எடுக்கிறோம் என்றால் அவர் எங்கள் உத்தியோகத்தர், எங்கள் உத்தியோகத்தர் பிரசவம் பார்த்தால் அது குற்றமில்லை என்று மூன்று பந்தியில் ஒரு குறிப்பு எழுதிக் கோவையில் போட்டார். ஆனாலும் விசாரணையை நிறுத்த அவரால் முடியவில்லை. விசாரணையில் எனக்கு எதிராகத் தீர்ப்பானால் கோவையை மூடிவிடுவார்கள், அதோடு என் தொழிலும் முடிந்துவிடும். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. ஒரு சொல்லும் கூடச் சொல்லிப்போடாதேங்கோ" என்று எச்சரித்து அனுப்பினார்.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நிர்வாகி, நிதானமான மனிதர். பிரதம லிகிதர்தான் குறிப்பெடுத்தார். இறங்குதுறையில் நடந்ததைக் கேட்டார், சொன்னேன். படிவத்தில் இருப்பது என் ஒப்பமா என்று கேட்டார், ஓம் என்றேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும்போல இருந்தது. பிறகு அவர் கேட்டார்.

"இந்தப் பதினொரு மாசத்தில வேற ஆருக்கும் பிரசவம் பாத்தனீங்களோ?"

"இல்லை ஐயா."

"நீங்கள் மருத்துவமாது எண்டு ஊருக்குத் தெரிஞ்சிருக்குமே. ஒருத்தரும் வந்து கூப்பிடேல்லையோ?"

பிரதம லிகிதர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாட்சி ஒருவரும் இல்லை. என் கணவருக்குக்கூட நான் சொன்னதில்லை.

"ஒருத்தர் கூப்பிட்டவை" என்றேன்.

திருகோணமலைக்கு வந்து ஆறாவது மாதம். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெண்ணுக்கு மூன்றாவது பிள்ளை. மத்தியானம், சுற்றிவளைப்பு நடந்துகொண்டிருந்தது, வாகனம் ஒன்றும் ஓடவில்லை. அவளுடைய மச்சாள் ஓடிவந்து என் வாசல் படலையில் தட்டினாள். நான் படலையைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எனக்கு இங்கே பதிவு இல்லை, தொடக்கூடாது, எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றேன். அவள் இரண்டாம் தரமும் கேட்டாள். நான் இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். அங்கே அந்தப் பெண் கத்துவது எனக்குக் கேட்டது. ஒரு மணித்தியாலம் கழித்து எங்கேயோ ஒரு ஓட்டோ பிடித்தார்கள். ஓட்டோவிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். அதைப் பார்த்து எடுத்துவிட அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும், அதற்கு இரண்டு விரல் போதும். ஆண்பிள்ளை. தாய் தப்பிவிட்டாள்.

இதை நான் அந்த அறையில் சொன்னேன். அந்தத் தாய் பிறகு ஒழுங்கையில் என்னைக் கண்டால் சிரிப்பாள் என்பதையும் சொன்னேன். பாவம், பதிவு இல்லாதவள் என்ன செய்வாள் என்று அவள் எனக்காக இரக்கப்பட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் சுற்று வழியால் கடைக்குப் போவேன். "அதாலதான் ஐயா ஜெட்டியில கை வைச்சனான். தண்டனை தாறதெண்டால் தாங்கோ" என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அழுதேன்.

பிரதம லிகிதரின் பேனை நின்றுவிட்டது. விசாரணை அதிகாரி அவரைப் பார்த்து, அதையும் எழுதுங்கள் என்றார்.

தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது. இறங்குதுறையில் நான் செய்தது தவறு, அதற்காகக் கடுமையாக எச்சரிக்கப்படுகிறேன் என்று முதல் பந்தி. இரண்டாவது பந்தியை நான் பார்க்காமலே சொல்வேன். "எனினும் லிங்கநகரில் பிரசவத்துக்கு அழைக்கப்பட்ட சந்தர்ப்பத்தில், தமக்குப் பதிவு இல்லாமையைக் காரணங்காட்டி இவர் மறுத்துள்ளார். இது இவர் ஒழுங்குவிதிகளை மதித்து நடப்பவர் என்பதற்குச் சான்றாகும். இந்த நன்னடத்தையைக் கருத்திற்கொண்டு இவரை இம்மாகாணத்தில் பதிவு செய்யச் சிபாரிசு செய்கிறேன்."

பிரதம லிகிதர் அதைத் தபாலில் விடாமல் தானே லிங்கநகருக்குச் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். வாழ்த்துச் சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார். என் கணவருக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த திங்கட்கிழமை சீருடையைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை போனேன்.

ஆகவே எனக்கு இந்த வேலை ஒரு பிள்ளையைப் பிறக்கவைத்ததற்காகக் கிடைத்ததில்லை. அதற்கு எச்சரிக்கைதான் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் கோவையும் இலக்கமும் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், நல்லது. என்றாலும் ஒருநாள் ஏதாவது ஒரு கடிதம் குறைந்திருக்கும்போது உங்கள் படலையில் தட்டுவார்கள். எழும்பிப் போங்கள். போனதற்கு விளக்கம் கேட்டால் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம், எழுத நான் உதவி செய்கிறேன். போகாததற்கும் ஒரு விளக்கம் எழுதவேண்டியிருக்கிறது. அதை என்னிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.